முதல் நாவல்: இங்கே அச்சிடுவதா, நேராக ஆங்கிலத்துக்கு அனுப்புவதா?

கோத்தகிரி டீச்சர் (கேள்வி)

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். டெம்மி அளவில் போட்டால் 220 பக்கம் போல வரும் என்று டிடிபி செய்துகொடுத்த தம்பி சொன்னார்.

கதை எங்கள் ஆட்களுடையது. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து, கடைசியில் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வந்து சேர்ந்த ஒரு குடும்பம். பாட்டி பேசுவது மலையகத் தமிழ். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வருகிறவர்கள் தங்கள் மொழியான படுகு பேசுகிறார்கள். டீக்கடைக்காரர் நிலம்பூர்க்காரர், அவருக்கு மலையாளம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் காதில் விழும். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் பேச்சு வருகிறது. ஒரு நகரத்து நிறுவனம் போனில் கூப்பிட்டது. 45,000 ரூபாய் கட்டினால் புத்தகம் போட்டு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கி, "உலகச் சந்தைக்கு"க் கொண்டுபோவார்களாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நாலு பக்கம். எல்லா மொழி, எல்லா வடிவம், உலகம் முழுதும், காப்புரிமைக் காலம் முடியும்வரை என்று ஒரு பத்தி இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள்.

இன்னொரு பக்கம் பெங்களூரில் இருக்கும் அக்கா மகன். தமிழில் முந்நூறு பேர் படிப்பதற்கு எதற்கு இவ்வளவு பாடு, கம்ப்யூட்டரிலேயே ஆங்கிலமாக்கி லண்டனில் பதிப்பகம் பிடித்துத் தருகிற ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பலாம் என்கிறான். படுகு வசனங்களை எடுத்துவிட வேண்டுமாம், வெளியாட்களுக்குப் புரியாதாம். மலை ரயிலும் பனிமூட்டமும் கொஞ்சம் கூட்டச் சொல்கிறான். அவன் அக்கறையோடுதான் சொல்கிறான்.

இந்த மலையில் இருந்துகொண்டு எழுதுகிற ஒருத்தி முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? பதிப்புத் தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்ப் பதிப்பாளர்

டீச்சர், முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தள்ளுபடிக்குக் கெடு வைக்கிற இடத்தில் புத்தகம் முக்கியமில்லை, உங்கள் 45,000 ரூபாய்தான் முக்கியம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர்கள் பலபேர் இதை ஒருமுறைகூடப் படித்துப் பார்ப்பதில்லை. 1957 காப்புரிமைச் சட்டம் பிரிவு 19. உரிமையை எழுதிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ள வேண்டும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். எழுதுகிறவரைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒப்பந்தத்தில் உள்ளதுதான் நிற்கும். உங்களுக்கு வந்த பத்தி காலம், நாடு என்ற இரண்டு பாதுகாப்பையும் கழற்றியிருக்கிறது. காப்புரிமைக் காலம் என்றால் உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 60 வருடமும். உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள், அதற்குப் பணமும் நீங்களே கட்டுகிறீர்கள்.

ஐஎஸ்பிஎன் விஷயம். இந்தியாவில் அதற்குக் கட்டணம் கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை ஆன்லைனில் இலவசமாகத் தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். "உலகச் சந்தை" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு இணையக் கடையில் அட்டைப்படத்தை ஏற்றிவைப்பது. அதை உங்கள் டிடிபி தம்பி ஒரு மாலையில் செய்துவிடுவார்.

அடுத்து, ஒரு நாவல் என்பது ஒரே ஒரு உரிமை இல்லை. தமிழ் அச்சு தனி, மின்னூல் தனி, ஒலிநூல் தனி, திரைப்படம் தனி. ஆங்கிலம் என்றாலும் இந்தியாவுக்குத் தனி, இங்கிலாந்துக்குத் தனி, அமெரிக்காவுக்குத் தனி. பெருமாள்முருகனின் 'பூக்குழி' வந்த வழியைப் பாருங்கள். தமிழில் 2013இல் காலச்சுவடு. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தியாவில் 2016இல் பெங்குயின். அதே மொழிபெயர்ப்பு இங்கிலாந்தில் 2022இல் புஷ்கின் பிரஸ். 2023இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல், தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நாவல். பத்து வருடம், மூன்று பதிப்பகம். 2013லேயே யாரோ ஒருவர் உலகம் முழுவதற்கும் எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இனி உங்கள் அக்கா மகன் சொல்கிற வழி. ஆங்கிலத்தில் முதலில் போவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பி.எச். டேனியல்தான் நினைவுக்கு வருவார். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர், தொழிலாளிகளோடு நின்றவர். அவர்கள் பட்டதை 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதினார். 1969இல் வந்தது. தமிழில் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தது 2007இல். நடுவில் 38 வருடம். யாருடைய கதையோ அவர்களில் ஒரு தலைமுறை அதைக் கையில் தொடாமலேயே போய்விட்டது. டேனியல் எழுதிய காலம் வேறு, அவருக்கு இருந்த காரணங்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் நாவலை முதலில் படிக்க வேண்டியவர்கள் அந்த லயங்களில் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, முந்நூறு பேர் என்ற கணக்குக்கு வருகிறேன். அது பொய்யில்லை. என்னைப் போன்ற சின்னப் பதிப்பகம் ஒரு புது எழுத்தாளரின் நாவலை 200, 300 பிரதிதான் அடிக்கும். இப்போது கேட்கக் கேட்க அடிக்கிற டிஜிட்டல் அச்சு வந்துவிட்டதால் 50 பிரதிகூட அடிக்கலாம். உங்களுடையது 220 பக்கம் என்றால் 14 ஃபாரம் (ஒரு ஃபாரம் 16 பக்கம்). காகிதம், அச்சு, அட்டை, பைண்டிங் போகக் கடைக்காரர் கழிவு பெரும்பாலும் 30இலிருந்து 40 சதவீதம். ஆசிரியருக்கு ராயல்டி வழக்கமாக 10. மிச்சம் இருப்பதில்தான் கோயம்புத்தூரிலிருந்து கட்டு ஏற்றி வருகிற செலவும். குன்னூரில் ஜூன் முதல் டிசம்பர் வரை காகிதத்தை உலர்வாக வைத்திருப்பதே தனி வேலை. மேட் லேமினேஷன் போட்ட அட்டை ஒரு மழைக்குச் சுருண்டுகொள்ளும், பூஞ்சை பிடித்த பிரதியை விற்க முடியாது. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால்தான் தலை நிமிரும். தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது, இந்தியாவில் முதல் மாநிலம் நாம்தான். சொத்துவரியோடு நாம் கட்டும் நூலக வரியில் வாங்கப்படும் புத்தகம் கிளை நூலகத்துக்குப் போகும், அங்கே ஒரு பிரதியைப் பத்து இருபது பேர் படிப்பார்கள். அந்த ஆணை வருடாவருடம் ஒழுங்காக வந்தால் பாதிச் சிறுபதிப்பகங்களுக்கு வேறு கவலையே இருக்காது.

ஆனால் அந்த முந்நூறு பேர் யார் என்று பாருங்கள். விமர்சனம் எழுதுகிறவர், சிற்றிதழ் நடத்துகிறவர், கல்லூரியில் பாடம் வைக்கிறவர், முக்கியமாக மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்துக்குப் போன எந்தத் தமிழ் நாவலையும் முதலில் ஒரு தமிழ் வாசகர்தான் தமிழில் படித்துவிட்டு, இதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். அந்த ஆள் கையில் உங்கள் புத்தகம் போய்ச் சேர வேண்டும். அச்சில் இல்லாத நாவல் எப்படிப் போய்ச் சேரும்?

லண்டன் என்றதும் பெரிய கட்டடங்கள்தான் எல்லோருக்கும் மனதில் வருகின்றன. நடந்தது வேறு. கீதாஞ்சலி ஸ்ரீயின் 'ரேத் சமாதி' 2018இல் ராஜ்கமல் வெளியிட்ட இந்தி நாவல். ஆங்கிலத்துக்கு முன்பே 2020இல் பிரெஞ்சில் வந்துவிட்டது. டெய்ஸி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2021இல் போட்டது டில்டட் ஆக்ஸிஸ், மொழிபெயர்ப்புகளுக்காகவே தொடங்கிய சின்னப் பதிப்பகம். 2022இல் சர்வதேச புக்கர். 2025இல் அதே பரிசு பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளுக்கு. போட்டது ஷெஃபீல்டில் இருக்கும் அண்ட் அதர் ஸ்டோரீஸ், அதுவும் சிறியதுதான். பரிசுத் தொகை 50,000 பவுண்டு, எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. இங்கே ஒரு மொழியில் நன்றாக வந்த புத்தகத்தை அங்கே ஒரு சின்னப் பதிப்பகம் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரை நம்பி எடுக்கிறது. நான் பார்த்தவரை பாதை இதுதான். மெஷின் ஆங்கிலத்தைப் படிக்கிற ஏஜென்ட்டுக்கு உங்கள் தமிழ் எப்படி என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. காகிதத்தில் இருக்கிற ஆங்கிலத்தைத்தான் அவர் பார்ப்பார், உங்கள் பாட்டியின் பேச்சு அதில் தட்டையாகக் கிடக்கும்.

கடைசியாக, படுகு வசனங்களை எடுக்காதீர்கள். ரயிலையும் பனியையும் கூட்டாதீர்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு அவை எழுதப்பட்டுவிட்டன. எடைபோடும் இடத்தில் மூன்று மொழி கேட்கிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததுமே இந்த நாவலைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு நல்ல எடிட்டர். காசு வாங்கிப் புத்தகம் போடுகிறவர்கள் அதைத்தான் தரமாட்டார்கள்.

கூடலூரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். பதிப்பாளர் அண்ணன் சொன்ன ஒப்பந்த விஷயத்தில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி நினைக்கிறேன். தமிழ் அச்சு, அப்புறம் இங்கிலாந்து என்று இரண்டு படிதான் இருப்பது போல அவர் எழுதுகிறார். நடுவில் பக்கத்து வீடுகள் இருக்கின்றன.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒரு பஸ் நிலம்பூருக்கு, ஒன்று சுல்தான் பத்தேரிக்கு, ஒன்று குண்டல்பேட்டைக்கு. டீச்சரின் கதையில் வருகிற டீக்கடைக்காரரின் ஊருக்கு நான் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடுவேன். ஆனால் தமிழ் நாவல் ஒன்று நிலம்பூர் வாசகர் கைக்குப் போக எத்தனையோ வருடம் ஆகிறது. பல நேரம் ஆங்கிலத்தில் வந்து பேர் வாங்கிய பிறகுதான் பக்கத்து மொழிக்காரர் திரும்பிப் பார்க்கிறார். சில சமயம் ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டே பக்கத்து மொழிக்கு மாற்றுகிறார்கள். தமிழையும் மலையாளத்தையும் சரளமாகப் பேசுகிற ஆட்கள் நிறைந்த இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

மலையாளப் பக்கத்தில் எனக்கு எப்போதும் பொறாமை தருவது ஒன்று உண்டு. கோட்டயத்தில் 1945இல் எழுத்தாளர்களே சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம். எழுதுகிறவனே பதிப்பகத்தின் பங்குதாரர். இன்றும் இருக்கிறது. அங்கே வார இதழில் நாவல் தொடராக வந்தால் ஊர் முழுக்கப் பேசும். அந்த வாசகர்கள் தமிழிலிருந்து வருவதையும் ஆசையாகப் படிப்பவர்கள். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கை வயநாட்டுக்காரருக்கும் மூணாறுக்காரருக்கும் அடிக்குறிப்பு இல்லாமல் புரியும். லண்டன்காரருக்குச் சொல்ல வேண்டியதில் பாதி இவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அரசு நிறுவனங்களும் இருக்கின்றன. 1954இல் தொடங்கிய சாகித்ய அகாதமி 24 மொழிகளில் வேலை செய்கிறது, அந்த மொழிகளுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மொழிபெயர்ப்பதும் அதன் வேலை. நேஷனல் புக் டிரஸ்ட் 'ஆதான் பிரதான்' என்ற வரிசையில் இந்திய மொழி நூல்களை மற்ற இந்திய மொழிகளுக்குக் கொண்டுபோகிறது. அங்கெல்லாம் மெதுவாகத்தான் நகரும், ஒரு முதல் நாவல் உடனே இடம்பிடிக்காது. இருந்தாலும் அச்சில் வந்த புத்தகமும் ஒன்றிரண்டு நல்ல விமர்சனமும் கையில் இருந்தால் பேச ஒரு ஆரம்பம் கிடைக்கும்.

சென்னையில் 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்தும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும் இப்போது சேர்ந்திருக்கிறது. பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி வாசகர் வந்து புத்தகம் வாங்குகிற இடம். இந்தப் பன்னாட்டுக் காட்சியில் உரிமை பேசுகிறார்கள். ஒரு நாட்டுப் பதிப்பாளர் இன்னொரு நாட்டுப் பதிப்பாளரோடு மேசையில் உட்கார்ந்து, இந்த நூலை எங்கள் மொழியில் போடுகிறோம் என்று ஒப்பந்தம் செய்வார். தமிழ் நூல்களை வேற்று மொழியில் கொண்டுவர அரசு மொழிபெயர்ப்பு மானியமும் தருகிறது. எழுத்தாளர் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதற்கான இடமல்ல அது, பதிப்பாளர் போக வேண்டும். அண்ணன் போகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள் டீச்சர். மலையிலிருக்கும் சின்னப் பதிப்பகங்கள் அங்கே போக யோசிக்கின்றன, தங்குகிற செலவு, ஆங்கிலத்தில் பட்டியல் தயாரிக்கிற வேலை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பட்டியலாகக் கொண்டுபோனால் என்ன? இதை நான் பல இடத்தில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

இன்னொன்று. ஆங்கில மாதிரி மொழிபெயர்ப்பை இப்போதே தொடங்குவதில் தவறில்லை. தமிழில் ஜெயித்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் காலம் ஓடிவிடும். பானு முஷ்தாக்கின் அந்தத் தொகுப்பில் உள்ள கதைகள் 1990இலிருந்து 2023 வரை எழுதப்பட்டவை. முப்பது வருடத்துக்கு முன்பே கன்னடத்தில் எழுதிய கதைகளும் அதில் இருக்கின்றன. மொழிபெயர்த்த தீபா பஸ்தி இருப்பது குடகில், மடிக்கேரியில். இங்கிருந்து மைசூர் வழியாகப் போனால் ஒரு பகல் பயணம். உங்களுக்கான மொழிபெயர்ப்பாளரும் இப்படி ஏதோ ஒரு மலையில்தான் இருப்பார்.

ஹட்டிக்காரன்

அக்கா, நான் படுகன். கோத்தகிரிப் பக்கம்தான், பச்சைத் தேயிலை விவசாயம். படுகு வசனங்களை எடுக்கச் சொன்னது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் படுகு பேசுகிறோம் என்று எழுதியவர்கள் 1,33,000க்கு மேல். ஆனால் பட்டியலில் எங்களைக் கன்னடத்துக்குக் கீழே ஒரு வரியாக வைத்திருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் நாங்கள் இல்லை. கூடலூர் அண்ணன் சொன்ன அந்த 24 மொழிகளிலும் இல்லை. படுகில் எழுத வேண்டும் என்றால் தமிழ் எழுத்திலோ கன்னட எழுத்திலோ எழுதிக்கொள்கிறோம். இந்த நிலையில் ஒரு தமிழ் நாவலில் எங்கள் பேச்சு நேராக வந்தால் அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் பலர் படுகை உடைந்த கன்னடம் மாதிரி எழுதிவிடுகிறார்கள். நீங்கள் எழுதியதை அச்சுக்குப் போகும் முன்பு எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஆண்களைவிட அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். வயசான அம்மா ஒருத்தர் பேசுவதும் காலேஜ் போகிற பிள்ளை பேசுவதும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

உலகச் சந்தை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். எமனோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1930களில் இந்த மலையில் தங்கித் தோடர் பாடல்களை எழுதி எடுத்தார். 1971இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதைப் பெரிய புத்தகமாகப் போட்டது. அவர் செய்தது சாதாரண உழைப்பு இல்லை, அவர் இல்லையென்றால் பல பாட்டு போயிருக்கும். ஆனால் எந்தத் தோடர் மந்திலும் (அவர்கள் குடியிருப்பு) அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் மலையின் பாட்டு ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டது, ஊட்டி மார்க்கெட்டுக்கு வரவில்லை. உங்கள் நாவலுக்கு அப்படி ஆக வேண்டாம். கோத்தகிரியில் சமூக வானொலி இருக்கிறது. புத்தகம் வந்ததும் ஒரு அத்தியாயத்தை அதில் படிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கேட்பார்கள்.

கோத்தகிரி டீச்சர்

மூன்று பேருக்கும் நன்றி. நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே தள்ளுபடி 25 சதவீதம் ஆகிவிட்டது.

தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி படித்துக் காட்டுகிறேன். என்னோடு வேலை செய்கிற டீச்சர் ஒருவர் படுகர், அவருடைய மாமியாரும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பதிப்பாளர் அண்ணாவிடம் இரண்டு கேள்வி. தமிழை உங்களிடம் கொடுத்தால் ஆங்கில உரிமையும் சேர்த்துக் கேட்பீர்களா? மாதிரி மொழிபெயர்ப்புக்கு யார் பணம் கொடுப்பது? என் சம்பளத்தில் பெரிய தொகை எடுக்க முடியாது. அக்கா மகனிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன். லண்டன் ஏஜென்ட்டுகளை விட்டுவிட்டான், ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் யார் யார், எந்தப் பதிப்பகம் எதைப் போடுகிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்க ஆரம்பித்திருக்கிறான்.

குன்னூர்ப் பதிப்பாளர்

பட்டியல் தயாரிக்கிற பையன் கிடைப்பது பெரிய உதவி டீச்சர். அப்படியே ஐந்து பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கதைச் சுருக்கமும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மெஷினைப் பயன்படுத்தினாலும் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம்.

ஆங்கில உரிமை கேட்க மாட்டேன். நான் வழக்கமாக வாங்குவது தமிழ் அச்சும் தமிழ் மின்னூலும், ஐந்து வருடத்துக்கு. புத்தகம் தீர்ந்துபோய் ஆறு மாதத்துக்குள் நான் மறுபடி அடிக்காவிட்டால் உரிமை தானாக உங்களுக்குத் திரும்பிவிடும் என்று எழுதுவேன். வேறு யாரிடம் போனாலும் இந்த வரியைக் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பு உரிமை மொத்தமும் உங்களிடமே இருக்கட்டும். ஒரு பதிப்பகத்தை நான் கண்டுபிடித்துக் கொடுத்தால் அதற்கு மட்டும் தனியாக ஒரு காகிதம் போட்டுக்கொள்வோம். ஏஜென்ட்டுகள் மொழிபெயர்ப்பு உரிமைக்கு வழக்கமாக 20 சதவீதம் எடுப்பார்கள், நான் அதற்குக் குறைவாகவே வைத்துக்கொள்வேன்.

மாதிரி மொழிபெயர்ப்பு பற்றி. இரண்டு வகை உண்டு. புத்தகம் பிடித்துப்போய் மொழிபெயர்ப்பாளரே இருபது முப்பது பக்கம் செய்து பதிப்பகங்களுக்கு அனுப்புவது ஒன்று. நாம் கேட்டுச் செய்வித்தால் பணம் கொடுக்க வேண்டும், சும்மா கேட்பது நியாயமில்லை. அந்தச் செலவில் பாதியை நான் ஏற்கிறேன். எதுவானாலும், எத்தனை மாதத்துக்கு அவர் மட்டும் முயற்சி செய்யலாம், ஒப்பந்தம் ஆனால் முன்பணம் எப்படிப் பிரியும், அட்டையில் அவர் பெயர் வருமா என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் அட்டையில் வர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கூடலூர் அண்ணன் என்னைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பன்னாட்டுக் காட்சிக்கு நான் தனியாகப் போனதில்லை. நாலைந்து பதிப்பகம் சேர்ந்து ஒரே பட்டியல் என்றால் வருகிறேன். ஊட்டி, கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று மலைப் புத்தகங்களை ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பு, பத்துப் பக்க மாதிரி. மலையாளத்திலும் கன்னடத்திலும் அதே குறிப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. அச்சுச் செலவு என்னுடையது.

டீச்சர், முதல் மூன்று அத்தியாயங்களை யூனிகோடில் அனுப்புங்கள். படுகு வசனங்களைப் படித்துக் காட்டித் திருத்திய பிறகு அனுப்பினால் போதும், அவசரமில்லை. படித்துவிட்டு எனக்குப் பிடிக்காத இடங்களையும் எழுதி அனுப்புவேன். அதைப் பார்த்த பிறகு என்னிடம் தரலாமா என்று முடிவு செய்யுங்கள்.